சிவப்பில் எழுதிய நீ.வே.

தராசுதான் பொய் சொல்கிறது என்று முதலில் நினைத்தாள்.

பதினேழாம் எண் தொட்டியைக் கீழே இறக்கினாள். தராசுத் தட்டைத் துணியால் துடைத்தாள். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொட்டியை மறுபடி தூக்கி வைத்தாள். ஐந்து கிலோ எண்ணூறு. அந்தப் பீன்ஸ் தொட்டி நாலு கிலோ இருநூறைத் தாண்டவே கூடாது. தாண்டினால் மண்ணுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பூ விட்ட நாளிலிருந்து தண்ணீரைக் கண்ணிலேயே காட்டாமல் காயப்போட்டு, எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதற்காகவே வளர்க்கிற செடி அது.

ஆள்காட்டி விரலை மண்ணில் விட்டாள். இரண்டாவது கணு வரைக்கும் சில்லென்று இருந்தது.

அடுத்த தொட்டியைத் தூக்கினாள். அதுவும் கனத்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு மணி நேரம் தூக்கித் தூக்கி வைத்ததில் இடுப்பு விட்டுப்போனது. நடு மேசையிலும் வாசல் மேசையிலும் காய வேண்டிய இருபத்து நாலு தொட்டிகளும் சுகமாக நனைந்திருந்தன. சுவரோர மேசையில் இருந்த பன்னிரண்டு மட்டும் காய்ந்தது காய்ந்தபடி இருந்தன. அவள் அப்படியே கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆய்வுப் பண்ணையில் அவளை எல்லாரும் அளவு அக்கா என்பார்கள். இருபது வருஷமாக இலையை அளந்து, தண்டை அளந்து, தொட்டியை எடைபோட்டு, கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பீன்ஸ் ரகங்களை வெயிலிலும் வறட்சியிலும் போட்டு வாட்டிப் பார்த்து, எது தாங்குகிறதோ அதைப் பொறுக்கியெடுப்பதுதான் அங்கே வேலை. கேட்கக் கொஞ்சம் கல்நெஞ்சு வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு கொட்டகைக்குள் இத்தனை செடியை வாட்டினால்தான் வெளியே எத்தனையோ வயல்களில் வாடாத செடி கிடைக்கும். அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் செய்வார்கள்.

நாற்பது ரகங்களில் ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில் கழித்துக் கழித்துப் பன்னிரண்டு ஆகிவிட்டது. மழை உள்ளே விழாதபடி பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை. மூன்று மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு தொட்டிகள்; ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. எந்த மூலைக்கும் தனிச் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தொட்டிகளைக் கலந்து வைத்திருந்தார்கள். இது மூன்றாவது வருஷம், கடைசி வருஷம். இந்த முறை எடையில் தேறாத ரகத்தின் விதையைக் குளிரறையிலிருந்து எடுத்துக் கொட்டிவிடுவார்கள்.

கொட்டப்போகிற விதைகளில் பதினேழாம் எண்ணும் இருக்கும் என்று பண்ணையில் எல்லாருக்கும் நிச்சயம். அளவு அக்காவுக்கு மட்டும் இல்லை.

பதினேழுக்குச் சொட்டை என்று பெயர். வறட்சி வந்ததும் கீழிலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, மொட்டைத் தண்டும் நாலு மேலிலையுமாகப் பரிதாபமாக நிற்கும். ஐந்தாம் எண்ணுக்குப் பட்டு. அது எத்தனை நாள் தண்ணீரில்லாமல் போட்டாலும் பச்சைப் பசேலென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல நிற்கும். பண்ணையின் தலைவர் வாரத்துக்கு ஒரு முறை பின்னால் கைகட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து, கண்ணால் பார்த்தே வாட்டத்துக்கு மதிப்பெண் போடுவார். ஒன்று என்றால் வாட்டமே இல்லை. ஒன்பது என்றால் செத்த மாதிரி. பட்டுக்கு எப்போதும் இரண்டு. சொட்டைக்கு எப்போதும் எட்டு, மனசு வைத்தால் ஏழு.

ஆனால் இருபது வருஷம் செடியோடு குப்பை கொட்டியவளுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. உச்சி வெயிலில் சொட்டை தன் இலைகளைத் திருப்பி, பக்கவாட்டு விளிம்பை வெயிலுக்குக் காட்டும். சூடு முகத்தில் அடிக்காமல் ஒதுங்கிக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி விரித்துக்கொள்ளும். கீழிலையை உதிர்ப்பதும் சும்மா இல்லை. அந்த இலையில் இருந்த சத்தையெல்லாம் உறிஞ்சிக் காய்க்கு அனுப்பிவிட்டுத்தான் சக்கையைக் கீழே விடும். போன வருஷம் உதிர்ந்த இலையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள், காகிதம். காயை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி விதை. பட்டு அப்படியில்லை. தன் மேனி வாடாமல் பார்த்துக்கொள்ளும், பூவை உதிர்த்துவிடும். பச்சையாக நிற்கிற செடியை ஊரே மெச்சும், காயை யார் எண்ணுகிறார்கள்?

போன வருஷம் வெள்ளை ஈ விழுந்து எடை குளறுபடியாகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் எலி. இந்த வருஷம் மூன்று மேசையிலும் சொட்டையின் நெற்றுகளைப் பறித்து, உலர்த்தி, எடைபோட்டுத் தலைவர் முன்னால் வைத்துவிடலாம் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆறு நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். எடையையெல்லாம் இனிமேல் கணினியில் எப்படிப் பதிவது என்று. முதல் மூன்று நாள் கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்ச மூன்று நாள் கணினி வேலை செய்யவில்லை.

ஏழாம் நாள் காலையில் திரும்பி வந்து பார்த்தால், இது.

முதலில் கூரையைப் பார்த்தாள். ஓட்டை இல்லை. பிறகு நேரே வாசலுக்குப் போனாள். காவல்காரர் நாற்காலியில் ஒரு காலை மடித்துப்போட்டுக்கொண்டு வானொலியின் மூடியைக் கழற்றி உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்.

“கொட்டகைக்குள்ள யார் போனது?”

“யார் போவாங்க அக்கா? நானே போறதில்ல. உள்ள போனா வேர்க்குது.”

“செடிக்குத் தண்ணி விட்டிருக்கு. பாவம்னு நீங்கதான் ஊத்தினீங்களா?”

“எனக்கே குடிக்கத் தண்ணி வரல ரெண்டு நாளா. நான் போய் பீன்ஸுக்குப் பாவம் பாக்கறேனா?” அவர் ஊதுவதை நிறுத்தினார். “குழாய்க்காரருக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு, தெரியாதா? நீங்க போன அன்னைக்கே லீவு. இப்ப தண்ணி விடறது உங்க வீட்டு ஆளுதான்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

அவள் வீட்டு ஆள் என்றால் நாத்தனார். கணவரின் தங்கை. ஏதாவது ஒரு வேலை இருந்தால் பாருங்கள் அண்ணி என்று எட்டு மாதமாகக் காதைக் குடைந்ததால், தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். தற்காலிக வேலை. வெளி வயலில் களை எடுக்கிற வேலை. கொட்டகைப் பக்கமே அவள் வந்ததில்லை.

அந்த நிமிஷம் பார்த்து நாத்தனார் ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு பாட்டை முனகியபடி வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டீங்களா அண்ணி? வந்து பாருங்க, உங்க செடியெல்லாம் எப்படி எழுந்து நிக்குதுன்னு. ரெண்டு மேசை அப்படியே சோர்ந்து கிடந்துது. அந்தக் குழாய்க்காரர் ஒழுங்காவே தண்ணி விடல போல. நான் காட்டிக்குடுக்கல, பாவம் இடுப்பு வலியில கிடக்காரு.”

அளவு அக்காவுக்கு வாய் வரை வந்ததை மென்று முழுங்க வேண்டியிருந்தது. பாதிதான் முழுங்கினாள்.

“உன்னை யார் எல்லாத்துக்கும் விடச் சொன்னது?”

“எல்லாத்துக்கும் எங்க விட்டேன்? வேணும்னு எழுதினதுக்குத்தான் விட்டேன்.”

“வேணும்னு எழுதினதா? காயப்போடற தொட்டியில வேணும்னு எந்தப் புண்ணியவான் எழுதினான்? கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?”

நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது. அவள் குழாயைக் கீழே போட்டாள். கொட்டகைக்குள் போய், நடு மேசையில் ஒரு தொட்டியில் குத்தியிருந்த பிளாஸ்டிக் குச்சியை உருவிக்கொண்டு வந்து அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“படிங்க.”

விரல் அகலக் குச்சி. மேலே எண் 17. கீழே, நீ.வே.

“நீர் வேண்டும். அதானே அண்ணி? முதல்ல நான் நீ வேணும்னே படிச்சேன். என்னடா இது, செடி நம்மள ஆசையா கூப்பிடுதேன்னு சிரிச்சேன். அப்புறம்தான் நீர்னு புரிஞ்சுது. எல்லாக் குச்சியிலயும் அதேதான் இருக்கு.”

அளவு அக்கா குச்சியை வாங்கினாள். வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசல் மேசையிலிருந்து தண்ணீர் விட வேண்டிய தொட்டியின் குச்சியை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதிலும் நீ.வே. அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு.

எழுதியது வேறு யாருமில்லை. அவளேதான்.

நடந்தது இதுதான். முதல் வருஷம் தொட்டிக்குத் தொட்டி அட்டை கட்டி, நீர் வேண்டும், நீர் வேண்டாம் என்று முழுசாக எழுதியிருந்தார்கள். அட்டை நனைந்து கிழிகிறது என்று இந்த வருஷம் பிளாஸ்டிக் குச்சி வாங்கினார்கள். அதில் எண்ணும் இரண்டெழுத்தும்தான் கொள்ளும். வேண்டும் என்றாலும் நீ.வே., வேண்டாம் என்றாலும் நீ.வே. அதனால் என்ன, வேண்டுமென்பதைக் கறுப்பிலும் வேண்டாமென்பதைச் சிவப்பிலும் எழுதிவிட்டால் போச்சு என்று அவள்தான் யோசனை சொன்னாள். குழாய்க்காரர்கூட அன்றைக்குச் சிரித்தார். “கறுப்பு நீ.வே., சிவப்பு நீ.வே. ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையா இருக்கு அக்கா” என்றார். அதற்கப்புறம் அவர் குச்சியைப் பார்த்ததே இல்லை. எந்தத் தொட்டிக்கு விடணும், எதற்கு விடக் கூடாது என்று அவருக்கு மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததை யாரும் மறுபடி படித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாத வெயில், கூரை வழியாக இறங்கி, சிவப்பைத் தின்றுவிட்டது. கறுப்பையும் பாதி தின்றது. மேலே தூசி படிந்து எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.

“சரி, சுவரோர மேசை மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?” என்று கேட்டாள்.

“அங்க பாதிக் குச்சியில சிவப்பா எழுதியிருந்துது. சிவப்புன்னா நிறுத்துன்னுதானே அர்த்தம்? என்னமோ ஏதோன்னு அதுக்கெல்லாம் ஒரு சொட்டு விடல.”

சுவரின் நிழல். அங்கே வெயில் படுவது காலையில் கொஞ்ச நேரம்தான். சிவப்பு சிவப்பாகவே இருந்திருக்கிறது. இந்தப் பெண் கண்ணால் கண்டதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறாள். கோபத்தை யார் மேல் காட்டுவது? அதைவிட எரிச்சல் உலகத்தில் இல்லை. திட்டுவதற்கு வாயெல்லாம் தயாராக இருக்க, எதிரே திட்டத் தகுந்த ஆளே இல்லை.

“ரொம்பத் தப்பாயிடுச்சா அண்ணி?”

“மூணு வருஷம்” என்றாள்.

அன்று மாலை மூவரும் வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை வீடு. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடம் போதாது. நாத்தனார் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். அளவு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எடைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிற கணவர், தன் கருவிப் பையை எங்கே வைத்தால் சத்தம் வராது என்று பார்த்துப் பார்த்து வைத்தார். பத்து வருஷமாக மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவர். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மறுபடி காயப்போட்டா ஆகாதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“உங்க லிஃப்ட் கயிறு தாங்குதான்னு சோதிக்கறீங்க. நடுவுல ஒருத்தர் வந்து கீழ முட்டுக் குடுத்துட்டாரு. அப்புறம் அந்த முட்டுக்கட்டையை எடுத்துட்டு, தாங்குச்சுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“எழுத மாட்டேன்.”

“அப்ப பேசாம இருங்க.”

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“தாங்கறதுன்னா என்ன அண்ணி? நான் பச்சையா இருந்தா தாங்குதுன்னு நெனச்சேன். அந்த அஞ்சாம் நம்பர் நான் தண்ணி விடறதுக்கு முன்னாடியே பச்சையாத்தான் இருந்துது.”

“பச்சையா இருக்கறது இல்ல. காய்க்கறது.”

“அப்ப அது வெறும் பகட்டா?”

அளவு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அது வேறு எரிச்சலாக இருந்தது. மூன்று வருஷமாகத் தலைவருக்குப் புரியாத விஷயம் பாத்திரம் தேய்க்கும்போது இவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் தலைவரின் அறைக்குப் போனாள். மேசை மேல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே விடுமுறைப் பட்டியல், ஓரத்தில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த, ஓடாத கடிகாரம். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவர் குச்சிகள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தன் கையொப்பத்துக்குக் கீழே எந்தக் கறையும் வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்தே தலை நரைத்தவர்.

“யார் தண்ணி விட்டது?”

“எழுதினது நான் சார்.”

“அதைக் கேக்கல.”

“அதுதான் சார் பதில். விட்டவங்க குச்சியில இருந்ததைத்தான் செஞ்சாங்க.”

அவர் குச்சியை மேசையில் தட்டினார். “ரெண்டு மேசை போச்சு. ஒரு மேசை வச்சு நான் மேல எதுவும் எழுத முடியாது. மூணுன்னா மூணு.”

“முடியாதுதான். ஆனா அந்த ஒரு மேசையிலயாவது காயை எடைபோட்டுப் பாருங்க சார்.”

“அது நிழல்ல இருந்த மேசை. வெயிலே படல, அதுக்கு என்ன தாகம்?”

“தாகம் எவ்வளவுன்னு தொட்டியோட எடை சொல்லும் சார். வாரத்துக்கு ரெண்டு தடவை போட்டிருக்கேன். நாலு கிலோ இருநூறுக்கு மேல அதுல ஒண்ணுகூட ஒரு நாளும் போகல.”

“இருக்கலாம். அஞ்சாம் நம்பருக்கு மூணு வருஷமா வாட்ட மதிப்பெண் ரெண்டு. அது போதும், அதை அனுப்பிடலாம். மத்ததைக் கழிச்சுடுங்க.”

கண்ணால் போட்ட மதிப்பெண்ணுக்கு மேசைக்கணக்கு வேண்டாம். காய் எடைக்கு மட்டும் மூன்று மேசை வேண்டும். இதை எங்கே போய் முட்டிக்கொள்வது? அவள் எழுந்து வந்துவிட்டாள்.

இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்துச் சுவரோர மேசையின் நெற்றுகள் மஞ்சளானதும் பறித்தாள். யாரும் கேட்காத எடை. பட்டு ஒன்பது கிராம். சொட்டை முப்பத்தொரு கிராம். இரண்டாவது தடவை போட்டாள். முப்பத்தொன்று. விதைகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தடித்து, மினுங்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சொட்டைச் செடிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாததுபோல இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரே ஒரு தொட்டி. தனக்குத் தெரிந்துவிட்டது, ஊருக்குச் சொல்ல வழியில்லை. அதைவிடத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மாதக் கடைசியில் குளிரறைப் பதிவேடு அவள் மேசைக்கு வந்தது. ரகத்துக்கு ஒரு வரி. வரியின் கடைசிக் கட்டத்தில் முடிவை எழுத வேண்டும். பட்டுக்கு நேரே தலைவர் தன் கையால் ‘தே.’ என்று போட்டிருந்தார், தேர்வு என்று அர்த்தம். மற்ற பதினொன்றுக்கும் நேரே அவள் எழுத வேண்டும். தலைவர் அதையும் சொல்லியனுப்பியிருந்தார்: எல்லாவற்றுக்கும் ‘தே.இ.’ என்று போட்டால் போதும்.

பேனாவைத் திறந்தாள். முதல் வரியில் ‘தே’ என்று எழுதியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

தே.இ. என்றால் என்ன? தேர்வாக இல்லை என்றும் படிக்கலாம். தேர்வே நடந்தது இல்லை என்றும் படிக்கலாம். பதிவேட்டின் முதல் பக்கத்து விதிகளைப் புரட்டினாள். தேர்வாகாத ரகத்தின் விதை கழிக்கப்படும். தேர்வு நடைபெறாத ரகத்தின் விதை அடுத்த பருவம் வரை வைக்கப்படும். தலைவருக்கு இந்த இரண்டெழுத்து வசதி. கேட்டால் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம், கொட்டகையில் தவறு நடந்தது எந்தத் தாளிலும் வராது. ஆனால் குளிரறைக்காரர் அதை எப்படிப் படிப்பார்? இருக்கிற அலமாரி போதவில்லை என்று தினமும் புலம்புகிற மனிதர். இரண்டெழுத்தைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு நிம்மதியாகப் போவார். நாத்தனாரைப்போலவே, எழுதினதைப் படித்து, எழுதினபடி செய்வார்.

அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

“சார், நான் இதுல முழுசா எழுதப்போறேன்.”

“எதை?”

“தேர்வு நடக்கவில்லைன்னு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் நடக்கலன்னு கேப்பாங்கம்மா.”

“அதையும் எழுதறேன். குறி தவறா எழுதப்பட்டதுன்னு.”

“யார் எழுதினதுன்னு கேப்பாங்க.”

“என் பேரைப் போடறேன்.”

அவர் ஓடாத கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். “யோசிச்சுக்கோங்க. தப்புன்னு உங்க கையாலயே எழுதினா அடுத்த பருவம் கொட்டகையை உங்ககிட்ட குடுக்க முடியாது. விதை எண்ற அறைக்குப் போக வேண்டியிருக்கும். அதுக்குத்தான் ரெண்டு எழுத்துல முடிங்கன்னு சொன்னேன். உங்க நல்லதுக்குத்தான்.”

அதுவும் உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. விதை எண்ணும் அறை என்றால் ஜன்னலில்லாத அறை. நூறு நூறாக எண்ணி உறையில் போடுகிற வேலை. இருபது வருஷம் தொட்டி தூக்கியவளுக்கு அது தண்டனை. சொட்டையை அடுத்த பருவம் வேறு யாரோ வளர்ப்பார்கள், வேறு யாரோ எடைபோடுவார்கள். முப்பத்தொன்று வருகிறதா என்று பார்க்க அவள் அங்கே இருக்க மாட்டாள். எட்டு மாதம் கழித்து யாராவது வழியில் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

“தண்ணி விட்ட பொண்ணோட வேலை?” என்று கேட்டாள்.

“அவங்க மேல என்ன தப்பு? நீங்கதானே எழுதறீங்க.”

அவள் அங்கேயே நின்றபடி, அவர் மேசைக் கண்ணாடியின் மேலேயே பதிவேட்டை விரித்தாள். பதினேழாம் எண்ணின் வரியில் கட்டத்துக்குள் கொள்ளாமல், ஓரத்தில் ஏறி, மேலே போய், வளைந்து எழுதினாள். ‘தேர்வு நடக்கவில்லை. நீர் வேண்டாம் என்ற தொட்டிகளில் நீர் வேண்டும் என்று படிக்கும்படி நான் எழுதினேன். தவறு என்னுடையது. விதையை வைக்கவும்.’ மற்றப் பத்து வரிகளிலும் அதையே எழுதினாள். கை வலித்தது. தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

“பட்டுக்கும் நடக்கல சார்” என்றாள் கடைசியில்.

“அதை நான் எழுதிட்டேன்மா.”

“தெரியும்.”

பதிவேட்டை மூடி அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு வந்தாள்.

கொட்டகையை ஒப்படைப்பதற்கு முன் அவளுக்கு இரண்டு நாள் இருந்தது. பழைய குச்சிகளையெல்லாம் பிடுங்கிக் குவித்தாள். கடையில் தேடி உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் பட்டைகள் வாங்கினாள். பேனா வேண்டாம் என்று ஒரு கட்டுப் பென்சில். பென்சில் எழுத்தை வெயில் தின்னாது. களை வேலை முடிந்து வந்த நாத்தனார் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள். முதல் பட்டை முடிவதற்குள்ளேயே மூன்று பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அத்தனை அழுத்தி எழுதினாள்.

“கொஞ்சம் மெதுவா எழுதுங்க அண்ணி. பென்சில் என்ன பாவம் பண்ணிச்சு?”

“பேசாம சீவு.”

நாத்தனார் எழுதி முடித்த பட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பதினேழு. இந்தத் தொட்டிக்கு நீர் விட வேண்டாம்.” கொஞ்சம் யோசித்தாள். “எத்தனை நாளைக்குன்னு போடல.”

அளவு அக்கா பென்சிலைக் கீழே வைத்து அவளை முறைத்தாள். அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறாள். அதுவும் சரியான கேள்வி.

பட்டையை வாங்கி, அடியில் இருந்த இடத்தில் எழுதினாள்: ‘பூ விட்ட நாள் முதல் பறிக்கும் நாள் வரை. செடி சொட்டையாகத் தெரிந்தாலும்.’

பிறகு அடுத்த பட்டையை எடுத்துக்கொண்டாள். இன்னும் எழுபத்தொன்று பாக்கி இருந்தது.